பாசிட்டிவ் என்று காட்டிய அதே எதிர்ப்பொருள்: எச்.ஐ.வி. செல்லைக் காட்டிக்கொடுக்கும் சிறு மூலக்கூறுகள் குறித்த கேள்விகள்

எச்.ஐ.வி.யுடன் வாழ்வோர் கூடிய ஒரு கூட்டத்தில் பேசி முடித்திருந்தேன். பின்வரிசையில் இருந்து ஒரு பெண் எழுந்தார். "நம்பிக்கை மையத்தில் ரத்தம் எடுத்தபோது, உடம்பில் ஆன்டிபாடி இருக்கிறது, அதனால் பாசிட்டிவ் என்றார்கள். ஆன்டிபாடி என்றால் நோயை எதிர்ப்பதுதானே, சார்? அது இருந்தும் ஏன் வேலை செய்யவில்லை?"

அரங்கத்தைக் காலி செய்யும் நேரம் ஆகிவிட்டதால் இரண்டு வரியில்தான் பதில் சொல்ல முடிந்தது. இன்று உலகின் சில ஆய்வுக்கூடங்கள் விடை தேடிக்கொண்டிருக்கும் கேள்வி அது. அவரிடம் சொல்ல நினைத்த முழுப் பதிலையும், அதன்பின் மற்றவர்கள் கேட்டவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

அந்தக் கேள்வியே முதலில். எதிர்ப்பொருள் இருந்தும் நோய் ஏன் போகவில்லை?

பரிசோதனைப் பட்டையில் தோன்றும் இரண்டாவது கோட்டை நினைத்துப் பாருங்கள். பட்டையில் வைரஸின் புரதத் துண்டை முன்கூட்டியே பூசி வைத்திருக்கிறார்கள். உங்கள் ரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள் அதைப் பற்றிக்கொள்வதால்தான் கோடு விழுகிறது. உங்கள் உடல் வைரஸை அடையாளம் கண்டு எதிர்த்து நின்றிருக்கிறது என்பதற்கு அந்தக் கோடே சாட்சி.

எதிர்ப்பொருளுக்கு (ஆன்டிபாடிக்கு) இரண்டு வேலைகள் உண்டு. ரத்தத்தில் மிதக்கும் வைரஸைப் பிடித்து, அது செல்லுக்குள் நுழையாமல் தடுப்பது ஒன்று. இதில் எச்.ஐ.வி. நம்மைத் தொடர்ந்து தோற்கடிக்கிறது. அதன் வெளிப்புறப் புரதமான ஜிபி120-இன் எடையில் ஏறக்குறையப் பாதி சர்க்கரைப் பூச்சு. அந்தச் சர்க்கரையை ஒட்டுவது நம் செல்களே என்பதால், பாதுகாப்புப் படைக்கு அது சொந்தச் சரக்காகத் தெரிகிறது. பூச்சுக்கு வெளியே தெரியும் பகுதிகளும் ஓயாமல் மாறிக்கொண்டே இருக்கின்றன.

இரண்டாவது வேலை, வைரஸ் புகுந்துவிட்ட செல்லின் மேல் அடையாளம் வைப்பது. எதிர்ப்பொருளின் ஒரு முனை செல்லின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் வைரஸ் புரதத்தைப் பிடிக்கும். இன்னொரு முனை, ரோந்து வரும் இயற்கைக் கொல்லி செல்லைக் கூப்பிடும். கொல்லி செல் வந்து ஒட்டி, பெர்ஃபோரின் என்ற புரதத்தால் துளை போட்டு, கிரான்சைம் என்ற நொதியை உள்ளே செலுத்தி, அந்தச் செல்லை முடித்துவிடும். ஆய்வாளர்கள் இதைச் சுருக்கமாக ஏ.டி.சி.சி. என்பார்கள்.

இந்த இரண்டாவது வேலைக்குப் பொருத்தமான எதிர்ப்பொருள்கள் தொற்றுள்ள பெரும்பாலானவர்களின் ரத்தத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. ஆனால் அவை பிடிக்கவேண்டிய இடங்களை வைரஸ் உள்ளே மடித்து ஒளித்து வைத்திருக்கிறது. அந்தப் பெண்ணின் எதிர்ப்பொருளில் குறையில்லை. இலக்கு அதன் கண்ணில் படவில்லை.

எதை ஒளிக்கிறது? எப்படி?

வைரஸின் உறைப் புரதம் மூவிதழ் மொட்டுப் போன்றது. வெளியே மூன்று ஜிபி120, அடியில் மூன்று ஜிபி41. மொட்டு மூடியிருக்கும்வரை உள்பகுதி வெளியே தெரியாது. நோய் எதிர்ப்புப் படையைச் சேர்ந்த நம் டி செல்லின் மேல் உள்ள சி.டி.4 என்ற ஏற்பியைத் தொட்டதும் அது அவிழ்கிறது. செல்லுக்குள் நுழைய அவிழ்ந்தே ஆகவேண்டும். அவிழ்ந்த பின் தெரியும் உள்பகுதி வைரஸ் வகைக்கு வகை அதிகம் மாறுவதில்லை, மாறினால் நுழைவு கெட்டுவிடும். நம் ரத்தத்தில் நிறைந்திருக்கும் எதிர்ப்பொருள்கள் பலவும் இந்த உள்பகுதிக்கு எதிரானவைதான்.

இதில் வைரஸுக்கும் ஒரு சிக்கல் உண்டு. அது குடியேறுவதே சி.டி.4 செல்லில், அந்தச் செல்லின் மேற்பரப்பு முழுக்க சி.டி.4 இருக்கிறது. உள்ளே தயாராகும் புதிய உறைப் புரதங்களும் அதே மேற்பரப்புக்குத்தான் வந்து சேர்கின்றன. பக்கத்தில் நிற்கும் சி.டி.4 பட்டாலே மொட்டு அவிழ்ந்துவிடும், எதிர்ப்பொருள் பாய்ந்து பிடிக்கும், செல்லோடு வைரஸும் சாகும்.

அதைத் தவிர்க்க வைரஸ் இரண்டு புரதங்களை ஏவுகிறது. நெஃப், மேற்பரப்பில் உள்ள சி.டி.4-ஐ உள்ளே இழுத்துச் செரிக்க அனுப்புகிறது. விபியு, புதிதாக உருவாகும் சி.டி.4 மேலே வருவதற்கு முன்பே அதைச் சிதைக்க வைக்கிறது. புதிதாகப் பிறந்த வைரஸ்களைச் செல்லின் மேலேயே கட்டிப்போடும் டெதரின் என்ற நம் புரதத்தையும் விபியுவே அப்புறப்படுத்துகிறது. வேலை முடிந்தபின் செல்லின் மேல் மூடிய மொட்டுகள் மட்டும் நிற்கின்றன.

கனடாவின் மாண்ட்ரியலில் ஆந்த்ரேஸ் ஃபின்ஸியின் குழு இதைச் சோதித்துக் காட்டியது. நெஃப், விபியு இரண்டும் நீக்கிய வைரஸால் செல்களைத் தொற்றவைத்து, தொற்றுள்ளவர்களின் சீரத்தை, அதாவது எதிர்ப்பொருள்கள் மிதக்கும் ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியை, சேர்த்தார்கள். முழு வைரஸ் புகுந்த செல்களை அதிகம் தொடாத அதே சீரம், இந்தச் செல்களை நன்றாகவே கொன்றது. அந்த முடிவை முதன்முறை படித்த நாளிலிருந்து, இந்த நோயைப் பற்றி நான் நினைக்கும் விதமே மாறிவிட்டது.

அப்படியானால் சிறு மூலக்கூறு என்ன செய்கிறது?

வைரஸ் அகற்றிய சி.டி.4-இன் வேடத்தைப் போட்டுக்கொண்டு வந்து மொட்டை அவிழ்க்கிறது. அதனால்தான் இவற்றைச் சி.டி.4 போலிகள் என்கிறார்கள்.

ஒரு பெரிய புரதத்தின் வேலையை இத்தனூண்டு மூலக்கூறு எப்படிச் செய்யும் என்பதில்தான் அழகே இருக்கிறது. 1998-இல் பீட்டர் குவாங், வேய்ன் ஹென்ட்ரிக்சன், ஜோசப் சொட்ரோஸ்கி ஆகியோரின் குழு, ஜிபி120-இன் மையப்பகுதி சி.டி.4-ஐப் பற்றியிருக்கும் நிலையில் அதன் படிக அமைப்பை வெளியிட்டது. சி.டி.4 புரதத்தின் 43-ஆவது அமினோ அமிலம் ஃபினைல்அலனின். அதன் வளையம் ஜிபி120-இல் உள்ள ஒரு குழியின் வாயில் மூடிபோல உட்கார்ந்திருந்தது. மூடிக்கு உள்ளே குழி வெற்றிடமாக இருந்தது. அந்தப் படத்தைப் பார்க்கும் எந்த வேதியியலாளருக்கும், இதற்குள் எதைப் பொருத்தலாம் என்றுதான் தோன்றும்.

2005-இல் நியூயார்க் ரத்த மையத்தில் அசிம் தேப்நாத் உள்ளிட்டோர், மூலக்கூறுகளைச் சலித்தெடுத்து என்.பி.டி.-556 என்ற ஒன்றைக் கண்டெடுத்தார்கள். அதன் எடை 338 டால்டன் (மூலக்கூறுகளின் எடையை அளக்கும் அலகு). ஜிபி120-இன் எடை, பெயரிலேயே இருப்பதுபோல, சுமார் 1,20,000 டால்டன். யானையின் காதில் புகுந்த எறும்பு என்று சொல்லலாம். அந்த மூலக்கூறின் ஒரு முனையில் குளோரின் தொங்கும் பென்சீன் வளையம். அதுதான் குழிக்குள் இறங்குகிறது. நடுவில் ஆக்சலமைடு இணைப்பு. மறுமுனையில் நான்கு மெத்தில் தொகுதிகள் துருத்திய ஒரு நைட்ரஜன் வளையம், அது குழியின் வாயில் தங்கிவிடுகிறது.

ஆனால் என்.பி.டி.-556-ஐ அப்படியே மருந்தாக்க முடியவில்லை. அது மொட்டை அவிழ்த்தது, ஆனால் அவிழ்ந்த வைரஸ், சி.டி.4 இல்லாமல், நுழைவின் அடுத்த படியில் வைரஸ் பற்றும் துணை ஏற்பியான சி.சி.ஆர்.5 மட்டும் உள்ள செல்களுக்குள்கூட நுழையத் தொடங்கியது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஏமஸ் ஸ்மித்தின் வேதியியல் குழுவும், பாஸ்டனின் டேனா-ஃபார்பர் புற்றுநோய் நிலையத்தில் சொட்ரோஸ்கி குழுவும் பல ஆண்டுகள் இதைச் செதுக்கினார்கள். குழிக்குள் போகும் முனையை வைத்துக்கொண்டு, வாயில் நிற்கும் முனையை மாற்றினார்கள். ஜிபி120-இல் 368-ஆம் இடத்தில் எதிர்மின்சுமை கொண்ட அஸ்பார்டிக் அமிலம் இருக்கிறது, உண்மையான சி.டி.4 தன் நேர்மின்சுமையால் அதைப் பிடித்துக்கொள்கிறது. அதேபோல ஒரு நேர்மின் கையைப் புதிய மூலக்கூறுகளுக்கும் கொடுத்தார்கள். அப்படி வந்தவைதான் ஜே.பி.-3-48, அதன்பின் பி.என்.எம்.-3-170. 2023-இல் வெளியான சி.ஜே.எஃப்.-3-288 இவற்றைவிட வலுவானது. இவை பட்டதும் மொட்டு அவிழ்கிறது, ஆனால் அந்த அவிழ்ந்த நிலை நீடிப்பதில்லை. அருகில் பற்ற எதுவும் கிடைக்காத வைரஸ் சிறிது நேரத்தில் வீரியம் இழந்துபோகிறது.

மூலக்கூறு பட்டாலே செல் செத்துவிடுமா?

சாகாது. மூலக்கூறுக்குக் கொல்லும் சக்தி இல்லை. மொட்டைக் கொஞ்சம் திறந்து வைக்கிறது, அவ்வளவுதான். மீதி வேலையை உடல் செய்யவேண்டும்.

அதிலும் ஒரு வரிசை இருக்கிறது. போலி மூலக்கூறு மட்டும் வந்தால் மொட்டு முழுவதும் விரிவதில்லை. துணை ஏற்பி ஒட்டும் பகுதியைப் பிடிக்கும் எதிர்ப்பொருள்கள், 17பி போன்றவை, அந்த இடுக்கில் முதலில் நுழைகின்றன. அவை ஒட்டியதும் இதழ்கள் இன்னும் விலகுகின்றன. அப்போதுதான் ஆழத்தில் இருக்கும் இடம் வெளிப்படுகிறது. ஏ32 வகை எதிர்ப்பொருள்கள் அங்கே உட்கார்ந்து கொல்லி செல்லை அழைக்கின்றன. மூன்றில் ஒன்று குறைந்தாலும் கொலை மந்தமாகிவிடுகிறது. தொற்றுள்ளவரின் சீரத்தில் இரண்டு வகை எதிர்ப்பொருளும் கலந்தே இருப்பதால், வெளியிலிருந்து தேவைப்படுவது அந்தச் சிறு மூலக்கூறு ஒன்றுதான்.

ஏன் சிறு மூலக்கூறு? சி.டி.4 புரதத்தையே ஊசியாகப் போட்டால் என்ன?

போட்டுப் பார்த்திருக்கிறார்கள். 1980-களின் இறுதியில் கரையும் சி.டி.4 புரதத்தைப் பற்றிப் பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த வைரஸை அது எளிதாக முடக்கியது. நோயாளிகளிடம் இருந்து நேரடியாக எடுத்த வைரஸுக்கோ நூற்றுக்கணக்கான மடங்கு அதிக அளவு தேவைப்பட்டது. ரத்தத்திலும் அது விரைவில் கரைந்து போனது. புரதத்தைக் குளிரில் வைத்துக் காக்கவேண்டும், விலையும் அதிகம். சிறு மூலக்கூறாக இருந்தால், என்றாவது ஒருநாள் மாத்திரையாகவும் கொடுக்கலாம் என்ற நம்பிக்கை இருக்கிறது. எச்.ஐ.வி.யை அடக்கும் கூட்டு மருந்துக்காக மாதாமாதம் பஸ் ஏறி ஏ.ஆர்.டி. மையத்துக்கு வருபவர்களுக்கு அந்த வித்தியாசம் புரியும்.

வேலை செய்கிறது என்பதற்கு என்ன சான்று?

எனக்கு மிகவும் பிடித்தது 2015-இல் ஃபின்ஸி குழு வெளியிட்ட ஆய்வு. தொற்றுள்ளவர்களின் சீரத்தை மட்டுமன்றி, தாய்ப்பாலையும், கருப்பை வாய் மற்றும் யோனிப் பகுதியைக் கழுவி எடுத்த திரவத்தையும் சோதித்தார்கள். மூன்றிலும் எதிர்ப்பொருள் இருந்தது. போலி மூலக்கூறு சேர்ந்ததும் மூன்றுமே தொற்றுள்ள செல்களைக் கொல்ல உதவின. அதோடு நிற்கவில்லை. ஒருவரின் உடலிலேயே தொற்றியிருந்த சி.டி.4 செல்களை வெளியே எடுத்துப் பெருக்கி, அவருடைய சீரத்தையே சேர்த்து, அவருடைய கொல்லி செல்களையே விட்டுப் பார்த்தார்கள். மூலக்கூறு சேர்ந்த குழாயில் அந்தச் செல்கள் இறந்தன. வெளியாளின் உதவி எதுவும் இல்லை.

அடுத்தது எலி. சாதாரண எலிக்கு எச்.ஐ.வி. தொற்றாது என்பதால் மனித ரத்தச் செல்கள் வளரும் எலியைப் பயன்படுத்துவார்கள். அவற்றில் பலவற்றில் மனிதக் கொல்லி செல்கள் சரியாக வளர்வதில்லை; கொல்லி இல்லாத எலியில் இந்த உத்தியைச் சோதிக்கவே முடியாது. கொல்லி செல்கள் நன்றாக வளரும் எலி வகை கிடைத்த பிறகு, யேல் பல்கலைக்கழகத்தில் பிரீத்தி குமாரின் குழுவும் ஃபின்ஸி குழுவும் சேர்ந்து 2021-இல் முடிவை வெளியிட்டன. போலி மூலக்கூறையும் எதிர்ப்பொருள்களையும் சேர்த்துக் கொடுத்த எலிகளில் வைரஸின் ஒளிந்த கையிருப்பு குறைந்தது. கூட்டு மருந்தை நிறுத்திய பின் வைரஸ் திரும்பி வரவும் தாமதமானது.

குரங்குகளில் நடந்தது சற்று வேறு வகை. 2018-இல் சொட்ரோஸ்கி குழு வெளியிட்ட ஆய்வில், தடுப்பூசி போட்ட ரீசஸ் குரங்குகளுக்கு வைரஸைச் செலுத்தும்போது பி.என்.எம்.-3-170-உம் சேர்ந்திருந்தால் பாதுகாப்பு கூடியது. தனியாக வைரஸைத் தடுக்க முடியாத தடுப்பூசி எதிர்ப்பொருள்கள், மொட்டு அவிழ்ந்ததும் பயன்பட்டன.

இது மருந்தாகக் கிடைக்கிறதா? கூட்டு மருந்தை நிறுத்தலாமா?

கிடைக்கவில்லை. நிறுத்தவே கூடாது. இந்தப் பக்கத்தில் சொல்லும் சான்றுகள் எல்லாம் ஆய்வுக்கூடச் செல்களிலும் விலங்குகளிலும் கிடைத்தவை. ஒளிந்த வைரஸை வேரறுக்கும் மாத்திரை என்று யாராவது இன்று விற்றால், அது மோசடி. இன்று உங்களைக் காப்பது நீங்கள் தினமும் விழுங்கும் அந்த ஒரு மாத்திரைதான். வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலையில் தொடர்ந்து இருப்பவரிடம் இருந்து உடலுறவு வழியாகத் தொற்று பரவுவதில்லை என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். பலருக்கு இதை இன்னும் யாரும் சொல்லவில்லை.

கூட்டு மருந்து அவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்றால், இந்த ஆராய்ச்சி எதற்கு?

கூட்டு மருந்து புதிய செல்களில் வைரஸ் ஏறுவதைத் தடுக்கிறது. ஏற்கெனவே ஏறிவிட்ட செல்லைக் கொல்வதில்லை. ஓய்விலிருக்கும் சி.டி.4 செல்களில் ஏறக்குறைய பத்து லட்சத்துக்கு ஒன்றில், மீண்டும் பெருகும் திறனுள்ள வைரஸ் தன் மரபுப் பிரதியை நம் மரபுச்சரத்திலேயே செருகிவிட்டுத் தூங்குகிறது. இந்தக் கையிருப்பு பாதியாகக் குறையவே சுமார் 44 மாதங்கள் ஆகிறது. அந்த வேகத்தில் மருந்தால் மட்டும் முழுவதும் தீரவேண்டும் என்றால் 70 ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்று ராபர்ட் சிலிசியானோவின் குழு கணக்கிட்டது. பிறவியிலேயே தொற்றோடு பிறந்து, எட்டாம் வகுப்புப் படிக்கும்போது "இதை எப்போது நிறுத்தலாம்?" என்று கேட்கும் பிள்ளையிடம் அந்தக் கணக்கை நான் எப்படிச் சொல்வேன்?

தூங்கும் செல்லையும் இந்த மூலக்கூறு காட்டிக்கொடுக்குமா?

காட்டிக்கொடுக்காது. தூங்கும் செல் உறைப் புரதம் எதையும் மேலே அனுப்புவதில்லை. மொட்டே இல்லாதபோது அவிழ்ப்பதற்கு ஒன்றுமில்லை. முதலில் அதை எழுப்பவேண்டும். வோரினோஸ்டாட் என்ற புற்றுநோய் மருந்து தூங்கும் வைரஸைச் சிறிது எழுப்புகிறது என்று டேவிட் மார்கோலிஸின் குழு 2012-இல் காட்டியது. எழுந்த செல்கள் தாமாகவே இறந்துவிடும் என்று அன்று எதிர்பார்த்தார்கள், இறக்கவில்லை. எழுப்பிய பிறகு கொல்ல ஒரு வழி வேண்டும், போலி மூலக்கூறுகளுக்கு அங்கேதான் இடம். இரண்டில் எது கடினம் என்று கேட்டால், எழுப்புவதுதான் என்பேன். நன்றாக எழுப்பும் மருந்து இன்னும் கைக்கு வரவில்லை.

எல்லா வகை எச்.ஐ.வி.யிலும் இது வேலை செய்யுமா?

இல்லை. இதற்குத் தாய்லாந்து நல்ல உதாரணம். அங்கே பரவலாக உள்ள ஏ.இ. வகையில், ஜிபி120-இன் 375-ஆம் இடத்தில் ஹிஸ்டிடின் என்ற பருமனான அமினோ அமிலம் இருக்கிறது. மற்ற வகைகளில் பெரும்பாலும் அங்கே சிறிய செரின்தான். ஹிஸ்டிடினின் பக்கச்சங்கிலி அந்தக் குழியை அடைத்துக்கொள்வதால், போலி மூலக்கூறுக்கு உள்ளே இடமில்லை. ஒரே ஒரு அமினோ அமிலம் ஒரு நாட்டையே இந்த உத்திக்கு வெளியே நிறுத்திவிடுகிறது. இந்தியாவில் பெரும்பான்மை சி வகை. 1986-இல் சென்னையில் மருத்துவர்கள் சுனிதி சாலமனும் நிர்மலாவும் நாட்டின் முதல் தொற்றுகளைக் கண்டறிந்த காலம் முதல், நம் மருத்துவமனைகள் எதிர்கொண்டுவரும் வைரஸ் பெரும்பாலும் அதுதான். சி வகையில் குழி பொதுவாகத் திறந்தே இருக்கிறது. இருந்தாலும் எல்லாத் திரிபுகளும் ஒரே அளவுக்கு வசப்படுவதில்லை; வலுவான மூலக்கூறுகளைத் தேடிக்கொண்டே இருப்பது அதனால்தான்.

நல்ல செல்களையும் சேர்த்துக் கொன்றுவிடாதா?

நியாயமான பயம். தொற்றுள்ள செல்லில் இருந்து உதிரும் ஜிபி120, பக்கத்தில் உள்ள தொற்றில்லாத சி.டி.4 செல்லில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டும்போதே அவிழ்ந்த நிலையில் இருப்பதால், எதிர்ப்பொருள் அதையும் பிடித்துவிடுகிறது. மூலக்கூறு இல்லாமலேயே இது நடக்கக்கூடியது. சில பரிசோதனைகளில் இப்படி இறந்த அப்பாவி செல்களையும் தொற்றுள்ள செல்களாக எண்ணிவிட்டார்கள் என்பது பின்னால் தெரியவந்தது. மருந்தாக வளர்க்கும்போது முதலில் கவனிக்கவேண்டிய இடங்களில் இது ஒன்று.

வேறு வழிகளிலும் முயல்கிறார்களா?

ஆம், இரண்டைச் சொல்கிறேன். யேலில் டேவிட் ஸ்பீகலின் குழு 2009-இல் இரு தலை மூலக்கூறு ஒன்றைச் செய்தது. ஒரு தலை ஜிபி120-ஐப் பிடிக்கும். மறு தலை டைநைட்ரோஃபினைல். இந்த வேதித்தொகுதிக்கு எதிரான எதிர்ப்பொருள் மனித ரத்தத்தில் இயல்பாகவே இருக்கிறது. எச்.ஐ.வி.க்கென்று உருவாகாத அந்த எதிர்ப்பொருளைக் கையைப் பிடித்து எச்.ஐ.வி.யிடம் அழைத்து வருகிறது இந்த மூலக்கூறு.

இன்னொரு வழி நெஃப் புரதத்தையே முடக்குவது. நெஃப், சி.டி.4-ஐ மட்டுமன்றி, கொல்லும் டி செல்களுக்கு ஆபத்தைத் தெரிவிக்கும் எம்.எச்.சி.-1 பலகையையும் கீழே இறக்குகிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கேத்லீன் காலின்ஸின் குழு, கான்கனமைசின் ஏ என்ற இயற்கைச் சேர்மம் அந்தப் பலகையை மீண்டும் மேலே வரவைக்கிறது என்று 2020-இல் காட்டியது.

ஃபாஸ்டெம்சவிர் பற்றியும் கேட்கிறார்கள். 2020-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அந்த மருந்தும் ஜிபி120-இல்தான் ஒட்டுகிறது. ஆனால் அதன் வேலை நேர் எதிர்: மொட்டை அவிழவிடாமல் பூட்டி வைக்கிறது. வேறு மருந்துகள் பலிக்காதவர்களுக்கு அது பெரிய உதவி. இங்கே பேசும் உத்தி அதுவல்ல.

ஆராய்ச்சிக்கு நாங்கள் என்ன செய்ய முடியும்?

நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற்ற ஆய்வுக்கு ரத்தம் கேட்டால், ஒப்புதல் படிவத்தை முழுவதும் படித்து, புரியாததைக் கேட்டு, விருப்பம் இருந்தால் கொடுங்கள். மறுத்தாலும் உங்கள் சிகிச்சையில் எந்த மாற்றமும் இருக்கக்கூடாது. அது உங்கள் உரிமை.

மேலே நான் சொன்ன 2015-ஆம் ஆண்டு ஆய்வில், குழாயில் இருந்த சீரத்தைக் கொடுத்தவர்கள் தொற்றோடு வாழும் மனிதர்கள். அவர்களும் என்றோ ஒருநாள் ஒரு பரிசோதனை முடிவைக் கையில் வாங்கியவர்கள். அன்று அவர்களைப் பாசிட்டிவ் என்று காட்டிய எதிர்ப்பொருள் குடும்பம்தான், அந்தக் குழாயில் கொல்லி செல்லைக் கூப்பிட்டது. பின்வரிசையில் எழுந்து கேட்ட அம்மாவிடம் அன்று சொல்ல நேரம் இல்லாமல் போனது இதுதான்.